ஒலி அடங்கும் இடம்

தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை. தருமபுரிப் பக்கம் மேல்மண்ணைத் தாண்டினால் நைஸ், சார்னகைட் என்று கல்தான். அந்தக் கல்லில் தண்ணீர் ஊறாது, வெடிப்புகளில்தான் ஓடும். அந்த வெடிப்பைத் தரையின் மேலிருந்தே தேடும் வழிகள் பல உண்டு. நான்கு கம்பிகளை நட்டு மின்தடை அளப்பது எல்லாரும் அறிந்தது. என் மனம் லயிப்பதோ, தொலைவிலுள்ள நிலையம் அனுப்பும் வானொலி அலையைக் கொண்டே தேடும் மிகத் தாழ் அதிர்வெண் முறையில்.

நெல்லை மாவட்டத்து விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கென்று அங்கிருந்து கிளம்புவது 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை. ஒரே அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் அதிகம்! அவ்வளவு பெரிய அலை, சில மீட்டர் அகலமே உள்ள ஈர வெடிப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

எப்படி? அலை கடந்து போகும்போது நிலத்துக்குள் மெல்லிய மின்னோட்டம் கிளம்புகிறது. கல் அதைத் தடுக்க, ஈரமான வெடிப்பு வழிவிடுகிறது. அங்கே மின்னோட்டம் கூடுகிறது. ஓடும் மின்சாரத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப்புலம் எழும். வளையம் வெடிப்பின் ஒரு பக்கத்தில் மேல்நோக்கி ஏறி, மறுபக்கத்தில் கீழே இறங்கும். நேர் உச்சியில் மட்டும் அது கிடைமட்டம்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் காதால் பிடிக்கலாம் என்பதுதான் அழகு. கனடாவின் ஜியோனிக்ஸ் செய்த இஎம்-16 கருவியைக் கையில் ஏந்திச் சாய்க்க வேண்டும். அலையைக் கருவி ஒலியாக்கித் தரும்; சாய்க்கச் சாய்க்க அந்த ஒலி தேய்ந்து, ஒரு கோணத்தில் அடங்கும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டு பத்தடி, இருபதடி நகர்ந்து மறுபடி சாய்ப்பார்கள். வெடிப்பை நெருங்க நெருங்கச் சாய்வு ஒரு பக்கமாகக் கூடும்; பிறகு சட்டென்று குறைந்து, பூஜ்யம் தொட்டு, எதிர்ப்பக்கம் சாயும். வெறும் தரையிலும் பூஜ்யம் வரும்தான். இரண்டு எதிர்ச்சாய்வுகளுக்கு நடுவே, செங்குத்தாய் இறங்கும் கோட்டில் வரும் பூஜ்யத்துக்குத்தான் பொருள் உண்டு. ஊற்றுக்கண் அதன் கீழே இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். களிமண் அடைத்த வெடிப்பும் மின்சாரத்தை இதேபோல் கடத்தும். அதனால் அந்த இடத்தில் மின்தடையும் அளந்து பார்த்த பிறகே ஆழ்துளை போடுவது நல்லது.

இன்னொரு நுணுக்கம் திசை. அலை வரும் திசையில் நீண்டு கிடக்கும் வெடிப்புதான் உரக்கப் பதில் சொல்லும். தருமபுரிக்கு விஜயநாராயணம் நேர் தெற்கு. ஆகவே வடக்கு தெற்காக ஓடும் வெடிப்புகள் சிக்கும், அவற்றைத் தேடுகிறவர் கிழக்கு மேற்காக நடக்க வேண்டும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதைத் தேடினால், எந்த நிலையத்தைக் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும், கருவியில் செருகியிருக்கும் சிறு அலகைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். இப்போது அதே நிலத்தில் கேட்பது, இந்தியப் பெருங்கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து வரும் 19.8 கிலோஹெர்ட்ஸ்.