திருமதி கொலம்போவின் பெயர்

‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் தவறு கண்டுபிடிப்பது அதன் ரசிகர்களுக்குத் தனியொரு விளையாட்டு. 1968இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் நின்று, 2003 வரை வந்த கதைகள் மொத்தம் 69. பீட்டர் ஃபாக் கசங்கிய மழைக்கோட்டுடன் ஓட்டிவரும் அந்த லொடலொட பெஜோ காரின் நம்பர் பிளேட்கூடப் பிற்காலத்தில் மாறிவிட்டது. இத்தனை காலம் ஓடிய தொடரில் கண்டினியூட்டி பிசகுவது இயல்புதான். நான் கேட்க விரும்புவது வேறு: எது மாறினால் பிழை என்கிறோம், எது மாறினால் சிரித்துவிட்டுப் போகிறோம்?

கொலம்போவின் முதல் பெயரைக் கதையில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் அடையாள அட்டையை நீட்டும் காட்சியை அப்படியே நிறுத்தி, அதில் ‘ஃபிராங்க்’ என்று இருப்பதைப் படித்துவிட்டார்கள். இன்னொரு பெயரும் உலவியது. ஃபிரெட் வொர்த் என்ற பொது அறிவு நூலாசிரியர், தன் நூலைப் பார்த்து எழுதுபவர்களைப் பிடிக்க, கொலம்போவின் பெயர் ‘ஃபிலிப்’ என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைச் செருகினார். ‘டிரிவியல் பர்சூட்’ விளையாட்டில் அதே பொய் வந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். இல்லாத ஓர் ஆணின் பெயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

அவர் மனைவிக்குப் பெயரே இல்லை. முகமும் இல்லை. ஆனால் அவள் வராத கதை அரிது. கொலையாளிகள் பெரும்பாலும் பணமும் படிப்பும் உள்ளவர்கள். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு, “எங்க வீட்டுக்காரம்மா உங்க பரம விசிறி சார்” என்பதுபோல ஆரம்பிப்பார் கொலம்போ. ஜானி கேஷ் பாடகராக நடித்த கதையில் அந்தப் பாடகருக்கு அவள் ரசிகை. வேறு கதையில் வேறு யாருக்கோ. மனைவி பேச்சை எடுக்கும் ஆள் அசடாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிராளி நினைக்கிறான். அந்த இளக்காரத்தில்தான் அவன் மாட்டுகிறான். வீட்டுப்பேச்சைக் கேவலமாக நினைப்பவனை அந்த வீட்டுப்பேச்சாலேயே வீழ்த்துவது எனக்குப் பிடித்த தந்திரம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயுதம் அவளுடையது, கெட்டிக்காரப் பட்டம் அவருக்கு.

அவளைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கேட்டால் தயாராக ஒரு பதில் உண்டு: வழக்குக்காக அவர் கதைவிடுகிறார். அவருடைய பெயருக்கு அட்டை சாட்சி. அவளுடைய வாழ்க்கைக்குச் சாட்சியே வேண்டாம், அவசரத்துக்கு எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். 1975இல் வந்த கப்பல் கதையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே பயணம் போகிறார்கள். கேமரா ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்புவதில்லை.

அகப்பாடலிலும் தலைவிக்குப் பெயர் இல்லையே என்று மாணவிகள் கேட்கக்கூடும். அங்கே தலைவனுக்கும் பெயர் இல்லை. தவிர, தலைவி பேசுகிறாள்.

1979இல் என்பிசி அவளுக்கு ஓர் உடம்பு கொடுத்துப் பார்த்தது. ‘மிஸஸ் கொலம்போ’ என்று தனித் தொடர். கேட் மல்குரூ நடித்தார். பெயர் கேட், ஒரு மகள், வாரப் பத்திரிகை வேலை, கூடவே துப்பறிதல். தொடர் தொடங்கியபோது மல்குரூவுக்கு வயது 23. கொலம்போவோ 1968லேயே மனைவி பேச்சை எடுத்தவர். அன்று மல்குரூவுக்கு 12 வயது! கணக்கு உதைத்தது உண்மைதான். கொலம்போவை உருவாக்கிய லெவின்சன், லிங்க் இருவருக்கும் இந்த முயற்சியே பிடிக்கவில்லை. பிழையை எப்படித் திருத்தினார்கள் என்பதுதான் வேடிக்கை. தொடரின் தலைப்பை மாற்றினார்கள். விவாகரத்து ஆனவள் என்றார்கள், கேட் கேலஹன் என்று குடும்பப் பெயரையும் மாற்றினார்கள். 13 கதைகளோடு அதுவும் முடிந்தது. பெயரும் வேலையும் உள்ள ஒருத்தி கொலம்போவின் மனைவியாக இருக்க முடியாது என்பதைத் தயாரிப்பாளர்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

கொலம்போ ஏபிசிக்கு மாறிய பிறகு, 1990இல் வந்த கதை அவளுடைய சவ அடக்கத்தோடு தொடங்குகிறது. கொலம்போவைப் பழிவாங்க ஒரு பெண் அவர் மனைவியைக் கொல்லத் திட்டமிடுகிறாள். அவளைப் பிடிக்க நடத்தும் பொய் அடக்கம் அது. சாகடிக்க வேண்டுமென்றால் முகம் ஒன்று வேண்டுமே! இத்தனை ஆண்டு இல்லாத புகைப்படம் அப்போது கண்ணில் படுகிறது. கடைசியில் கொலம்போ சாவகாசமாகச் சொல்கிறார்: படத்தில் இருப்பது மனைவி இல்லை, மனைவியின் சகோதரி.