நெய்வேலி யார் தந்த வரம்?

கதை ஒன்று உண்டு. நாட்டோர் பலரும் அறிந்தது. 1930-களின் இடையில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டார். நீரோடு கரியநிறப் பொருளொன்று மேலே வந்தது. தீயிலிட்டால் எரிந்தது. பிறந்தது நெய்வேலி!

விழா மேடையிலே இக்கதை, மலர்களிலே இக்கதை. முடிக்கும்போது மறவாமல் சேர்க்கப்படும் சொற்கள் மூன்று: அதிர்ஷ்டம், நற்பேறு, வரம்!

கதை பொய்யன்று. முதலியார் கண்டதும் மெய். கண்டதை மூடி வைக்காமல் ஆட்சியாளர் காதில் விழும்படி செய்ததும் மெய். அவரைப் போற்றுவதிலே நாம் எவருக்கும் பின்தங்கியவர்களல்லர். நாம் குறை கூறுவது கதையை அன்று. கதை நின்றுவிடும் இடத்தை!

காண்பதே போதுமென்றால், நெய்வேலிக்கு முன்பே பாகூர் புகழ் பெற்றிருக்க வேண்டும். 1880-களிலேயே புதுச்சேரியை அடுத்த அவ்வூரில், ஊற்றுக் கிணற்றுக்காகத் துளையிட்ட பிரஞ்சுப் பொறியாளர் பழுப்பு நிலக்கரியைக் கண்டார். கண்டார், குறித்தார், அவ்வளவே! அரை நூற்றாண்டுக்கு மேல் கரி மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஏன்? கரியில் குறையா? இல்லை. கண்டதைக் காரியமாக்கும் அறிவும் பொருளும் அமைப்பும் ஒன்று கூடவில்லை.

இங்கு மட்டுமா இந்த மயக்கம்? மேனாட்டிலும் உண்டு. கெண்டியின் மூடி ஆடக் கண்டானாம் சிறுவன் ஜேம்ஸ் வாட். நீராவி இயந்திரம் பிறந்துவிட்டதாம்! வரலாறு கூறுவது வேறு. வாட் பிறப்பதற்கு முன்பே, 1712-இல், இரும்பு வணிகரான நியூகோமன் செய்த நீராவிப் பொறி நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைத்தது. கிளாஸ்கோ பல்கலைக் கழகத்திலிருந்த அதன் சிற்றுருவைப் பழுதுபார்க்க அமர்ந்தபோதுதான், 1763-64-இல், வாட் அதன் குறையைக் கண்டார். குறை நீங்கும் வழி தோன்றிய பிறகும் பொறி ஓடவில்லை. முதல் போட ஒரு போல்டன் வேண்டியிருந்தது. உருளையைப் பிசகின்றிக் கடைந்து தர, பீரங்கி கடைந்து பழகிய வில்கின்சன் வேண்டியிருந்தது. கெண்டியோ ஒன்று, கைகளோ பல!

நியூகோமனை வாட்டிய அதே பகை நெய்வேலியிலும் காத்திருந்தது: நீர்! கரிப் படுகைக்கு மேலே கடலூர் மணற்பாறை. கீழேயோ பேரழுத்தத்தோடு மேலெழத் துடிக்கும் ஊற்றுநீர். மேல்மண்ணை அகற்றினால், அடித்தளத்தைப் பிளந்துகொண்டு நீர் பாயும், சுரங்கம் குளமாகும். 1940-களில் புவியியல் ஆய்வாளர்கள் துளையிட்டு அளந்தனர். 1950-களில் சோதனைச் சுரங்கம் தோண்டியும், நீர் இறைத்தும் பார்த்தனர். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் இறைத்து, நீரின் அழுத்தத்தைக் குறைப்பதென்ற வழி உறுதியாயிற்று. இறைப்பு நின்றால் சுரங்கம் நிற்கும். வரத்தால் வந்ததென்று கூறப்படும் கரி, ஓயாத இறைப்பினால் அன்றோ வெளிவந்தது!

1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் சுரங்கப் பணி தொடங்கிற்று. செருமனியிலிருந்து மாபெரும் வாளிச் சக்கர இயந்திரங்கள் வந்தன. ரைன் நாட்டு மென்மண்ணை வெண்ணெயாய் வெட்டிய பற்கள், நெய்வேலி மணற்பாறையில் விரைவிலேயே தேய்ந்தன. விலைகொடுத்து வாங்கிய அறிவு வாசலோடு நின்றுவிட்டது! பல்லின் அமைப்பை மாற்றினர். வெடி வைத்துப் பாறையை நெகிழ்த்திய பின் இயந்திரத்தை இறக்கினர். 1961 ஆகஸ்டில் கரி முகம் காட்டிற்று. 1962-இல் சோவியத் துணையோடு எழுந்த அனல் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

பல்லை மாற்றியவர் யார்? முதலில் தேய்மானத்தைக் கண்டவர் யார்? இரவு முறையில் பம்பு நிற்காமல் காத்தவர் யார்? அவர்களுக்குச் சிலையில்லை, கதையிலே ஒரு வரியுமில்லை. புதுமை என்பது ஒருவர் நெற்றியில் எழுதப்படுவதன்று. குறையைக் கண்டவன் வாய்திறந்து கூறவும், கூறியதை மேலே இருப்பவர் கேட்கவும், கேட்டதைச் செய்து பார்க்கப் பொருள் ஒதுக்கவும் இடமிருக்கும்போது தோன்றுவது. வரக்கதை இந்த உண்மையை மறைக்கிறது. ஆகவேதான் அதை எதிர்க்கிறோம்.

மறைப்பதால் கேடு என்ன என்பீர்கள். 2020-இல், மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும், நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன, தொழிலாளர்கள் மாண்டனர். பொறியின் அருகே நிற்பவன்தான் அதன் மூச்சுமாற்றத்தை முதலில் அறிவான். அவனோ ஒப்பந்தக் கூலி. நாளை வேலை உண்டோ என்று ஏங்குபவன். அஞ்சி நிற்பவன் குறை கூறுவானா? குறை கூறாத இடத்தில் புதுமை முளைக்குமா?

2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவுக்காகக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. பாறையை வெல்லப் பல்லை மாற்றத் தெரிந்தவர்களுக்கு, பயிர் அறுவடையாகும்வரை காத்திருக்கும் முறையொன்றைக் காணத் தெரியவில்லையா? மண்ணை வெட்டப் புதுவழி கண்டோம்; மண்ணை இழந்தவனை வாழவைக்கும் புதுவழி எங்கே? பொறியிலே புதுமை, நெறியிலே பழமை என்றால், அது பாதிப் புதுமையே!

இளைஞர்களே! இனி எவரேனும் மேடையேறி, "நெய்வேலி ஒரு வரம்" என்றால், அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: நீரை இறைத்தவர் யார், நிலத்தை இழந்தவர் யார்? அந்த இரு பட்டியலும் எழுதப்பட்டால்தான் நெய்வேலிக் கதை முழுமை பெறும். அதுவரை நாம் கேட்டது முன்னுரை மட்டுமே!