மைக் லீயின் படங்களை எப்படி ரசிப்பது?

பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் படத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு, “எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கதை எப்போது ஆரம்பிக்கும்?” என்ற கேள்வி வரும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பேச்சுக்குள்தான் கதை நடந்துகொண்டிருக்கிறது.

1943-இல் பிறந்து, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஒரு டாக்டரின் மகனாக வளர்ந்தவர் லீ. முதல் படம் ‘ப்ளீக் மோமென்ட்ஸ்’ 1971-இல் வந்தது. திரையரங்குக்கான அடுத்த படமான ‘ஹை ஹோப்ஸ்’ 1988-இல்தான். இடைப்பட்ட 17 ஆண்டுகளும் தொலைக்காட்சியிலும் மேடையிலும் கழிந்தன. கையில் திரைக்கதை இல்லாமல் வருகிற இயக்குநரை நம்பிப் பணம் போட எத்தனை பேர் முன்வருவார்கள்?

ஆம், அவரிடம் திரைக்கதை இருக்காது. நடிகர் தமக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றி லீயிடம் சொல்ல, அதிலிருந்து ஒரு பாத்திரம் பிறக்கும். அதன் முழு வாழ்க்கையையும் இருவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்குவார்கள். தன் பாத்திரத்துக்குத் தெரியாத எதுவும் நடிகருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் கேமரா முன்னால் யாரும் தோன்றியதைப் பேசுவதில்லை. ஒத்திகையில் பிறந்த வசனம் படப்பிடிப்புக்கு முன்பே சொல் சொல்லாக முடிவாகிவிடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ (1996) பாருங்கள். கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்ற படம். பிறந்ததும் தத்துக் கொடுத்த மகளைத் தாய் ஒரு வெறிச்சோடிய காபிக் கடையில் சந்திக்கிறாள். தாய் வெள்ளையர், மகள் கறுப்பர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பல நிமிடங்கள் கேமரா அசையாது, வெட்டு விழாது. “நீ என் மகளாக இருக்க முடியாது” என்று மறுத்துக்கொண்டிருந்தவளுக்கு எதுவோ நினைவுக்கு வருகிறது. அந்த முகத்தைத் தவறவிடாதீர்கள். பிறகு அதே காட்சியை மறுபடி போட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் மகளை மட்டும் பாருங்கள். இன்னொரு படம் கிடைக்கும்.

அடுத்தது ‘வெரா டிரேக்’ (2004). 1950-களின் தொடக்க லண்டன். சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்பு செய்துவந்த வெராவின் வீட்டில் விருந்து நடக்கும்போது போலீஸ் வருகிறது. குடும்பத்தாராக நடித்தவர்களுக்கு, ஒத்திகையில் போலீஸ் வந்து நிற்கும்வரை அவள் ரகசியம் தெரியாது. அந்த அறையில் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒவ்வொரு முகமாகப் பாருங்கள்.

கடைசியாக ‘ஹார்ட் ட்ரூத்ஸ்’ (2024). காபிக் கடையில் மகளாக அமர்ந்திருந்த மரியான் ஜான் பாப்டிஸ்ட், இதில் கண்ணில் பட்டவரையெல்லாம் ஏசும் பான்சி. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். உட்கார்ந்திருங்கள். தனக்காக மகன் பூ வாங்கி வைத்திருக்கிறான் என்று கேட்டதும் அவள் சிரிக்கத் தொடங்குவாள். சிரிப்பு அழுகையாக மாறும். அவ்வளவு நேரம் அவள் ஏசியதெல்லாம் என்ன என்பது அப்போது நமக்குக் கேட்கும்.