எரிந்த படமும் எரியாத சிரிப்பும்

நாற்காலியைப் பற்றி ஒரு கதை. கதையைக் கண்டு நாற்காலி நடுங்கிற்று. நடுங்கிய நாற்காலி கதையைக் கொளுத்திற்று! ‘கிஸ்ஸா குர்சி கா’ எனும் இந்திப் படத்தின் வரலாறு, சுருங்கச் சொன்னால் இவ்வளவே.

படத்தை ஆக்கியவர் அம்ரித் நாஹட்டா. எதிர்க்கட்சிக்காரர் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! காங்கிரசின் சார்பிலே பாராளுமன்றம் புகுந்தவர். 1975 ஏப்ரலில் படம் தணிக்கைக்குச் சென்றது. ஆளும் குடும்பத்து இளவரசர் சஞ்சய் காந்தியின் சிறு கார்த் திட்டத்தை அது கேலி செய்தது. அரசியாரின் அருகிலே யோகம் பயிற்றிய சாமியாரையும் விட்டுவைக்கவில்லை. (அரியணை எங்கே உண்டோ, அங்கே ஒரு சாமியாரும் உண்டன்றோ!) மத்திய சர்க்கார் கண்ட குற்றங்கள் 51. பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று விடை எழுதினார் நாஹட்டா. ஐம்பத்தோரு இடங்களிலே தம் முகத்தையே கண்டவர்கள், அதை நம்புவரோ?

அதற்குள் நெருக்கடி நிலை வந்துவிட்டது. படச்சுருள்கள் கைப்பற்றப்பட்டன, குர்கானில், அந்த மாருதி கார்த் தொழிற்சாலைக்கே கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டன. மக்களுக்கென்று சொல்லப்பட்ட கார் மக்கள் கைக்கு வந்தபாடில்லை; அதைக் கேலி செய்த படம் அதன் முற்றத்திலே வெந்தது! இத்தகைய அங்கதத்தை நாஹட்டாவே எழுதியிருக்க முடியாது. 1979இல் சஞ்சய் காந்திக்கும் அமைச்சராயிருந்த வி. சி. சுக்லாவுக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1980இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. அவ்வாண்டுத் தொடக்கத்திலே இந்திரா அம்மையார் மீண்டும் பிரதமராகிவிட்டிருந்தார்.

சரி, எரிக்கப்பட்டது என்பதாலேயே ஒரு படம் சிறந்த படமாகிவிடுமா?

1978இல் மீண்டும் எடுக்கப்பட்ட படத்தையே நாம் காண்கிறோம். அதிலே ‘ஜனதா’, அதாவது மக்கள், ஓர் ஊமைப் பெண். ஷபானா ஆஸ்மியின் கண்கள் பேசுகின்றன. குறை அவரிடம் இல்லை. கங்காராம் என்னும் கயவன் அரசியல்வாதி ஆசை காட்டுகிறான், ஏய்க்கிறான். அவளோ வாய் திறவாள். வாயடைக்கப்பட்டவர் மக்கள் என்பது வேறு, வாயற்றவர் மக்கள் என்பது வேறு. முன்னது கொடுமை செய்தோன்மீது பழி. பின்னது கொடுமைக்கு ஆளானோர்மீது பழி. ‘பாமரனுக்கு ஏது வாய்?’ என்னும் பழைய மேட்டுக்குடி மனப்பான்மையே முற்போக்கு உடை உடுத்தி வந்ததோ என்று ஐயுறுகிறேன். 1977 மார்ச்சிலே அந்த ‘ஊமை’ ரேபரேலியில் பேசினாள், பிரதமரே தோற்றார். அதைக் கண்ணாரக் கண்ட பிறகு படத்தை மீண்டும் எடுத்தவர், ஊமையை ஊமையாகவே விட்டுவிட்டாரே!

நம் வீட்டுக் கதையையும் மறைப்பதற்கில்லை. 1976 ஜனவரி 31இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. தோழர்கள் சிறையிலே வதைபட்டனர். எனினும் 1977இல் தமிழகம், காங்கிரசு இடம்பெற்ற கூட்டணிக்கே பெருவெற்றி தந்தது. நமக்குக் கசந்த தீர்ப்புத்தான். ஆனால் ஊமையின் தீர்ப்பு அன்று.

இப்படத்தோடு ஒப்பிட ஒரு கேலிச்சித்திரம் போதும். 1975 டிசம்பரில், தணிக்கை நிலவிய நாளிலேயே, ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஏட்டில் அபு ஆபிரகாம் தீட்டியது. குளியல் தொட்டியிலே கிடந்தபடி, அவசரச் சட்டத்துக்குக் கையொப்பமிட்டு நீட்டுகிறார் குடியரசுத் தலைவர். இன்னும் இருந்தால் சற்றுக் காத்திருக்கச் சொல் என்கிறார். அவ்வளவே. சித்திரத்திலே மக்கள் இல்லை. ஆகவே மக்கள்மீது பழியும் இல்லை. சிரிப்பு முழுவதும் தொட்டிக்குள் இருப்பவர்மீதே விழுகிறது. படத்திலே 51 குற்றங் கண்ட கண்கள், இந்த ஒரு தொட்டியை எப்படித்தான் காணாது விட்டனவோ!