வலையின் மேல் குற்றமா?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு மாலை நேரம். மணல் திட்டில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வலையைச் செப்பனிட்டபடியே ஆட்டத்தைக் கவனித்த பெரியவர் ஒருவர், "எங்க காலத்துல முன்னால அஞ்சு பேரு நிப்போம். இவனுங்க எல்லாம் பின்னாலயே நிக்கிறானுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். பந்தைப் பொறுக்க வந்த பையன், "அதெல்லாம் பழசு, தாத்தா!" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

இருவருமே ஆட்டமுறையைச் சட்டைத் துணி மாதிரி ஒரு மோஸ்தராக நினைக்கிறார்கள். கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்களிலும் பலர் அப்படித்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏரிக்கரையை விட்டுச் சற்று லண்டனுக்குப் போவோம். 1925-இல் 'ஆஃப்சைடு' விதியைத் திருத்தினார்கள். பந்தை வாங்கப் போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரிகள் மூவர் இருக்கவேண்டும் என்பது இருவராகக் குறைந்தது. கோல்கள் மலிந்தன. ஆர்ஸனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் ஆடியவனைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவலனாக நிறுத்தினார். 'டபிள்யூ-எம்' வியூகம் பிறந்தது. அதைப் பெற்றது அவசியமே தவிர ஆசையல்ல.

1953-இல் வெம்ப்ளியில் ஹங்கேரி அதைக் குலைத்தது. முன்வரிசையின் நடுவில் நிற்கவேண்டிய ஹிடெக்குட்டி பின்வாங்கி நின்றார். காவலனுக்கோ தொடர்வதா, நிற்பதா என்று தெரியவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டார். இங்கிலாந்து 6-3 என்று தோற்றது.

நம் கதை இன்னும் சுவையானது. 1952-இல் ஹெல்சிங்கியில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கினார்கள். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அந்த வெட்கத்தையே பாடமாக்கிக்கொண்டார். 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தோம். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தலையில் காயம்பட்ட காவலர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. எந்த மோஸ்தர் சொல்லிக்கொடுத்தது இதை? கையில் இருக்கும் ஆளைப் பார்த்துச் செய்த காரியம் அது.

செத்துப்போனதாகச் சொன்ன முறையும் திரும்பி வருகிறது. 2022-23-இல் மான்செஸ்டர் சிட்டியின் ஸ்டோன்ஸ் காவல் வரிசையிலிருந்து நடுவே ஏறி ஆடினார். அணி தாக்கும்போது எண்ணிப் பார்த்தால் பின்னால் மூவர், நடுவே இருவர், முன்னால் ஐவர். சாப்மனின் அதே கணக்கு! புதுமை என்று எல்லோரும் வியந்தார்கள்.

கதை எழுதுகிறவர்களிடமும் இந்த நோய் உண்டு. அடுத்த வீட்டுக்காரன் வலை நன்றாயிருக்கிறதென்று வாங்கி வருவோம். நம் தண்ணீரைப் பார்க்கமாட்டோம்.

புறப்படும்போது பெரியவரிடம், "இறால் பாடு எப்படி?" என்று கேட்டேன்.

"முகத்துவாரம் மணல் அடைச்சுக் கெடக்கு, சார். கடல் தண்ணி உள்ளாற வந்தாத்தானே இறாலு? வலை மேல இன்னா குத்தம்?" என்றார்.

தம் வலையைப் பற்றி இத்தனை தெளிவாயிருந்தவர், திரும்பிப் பையன்களைப் பார்த்து, "முன்னால போங்கடா!" என்று மறுபடியும் கத்தினார்.