மிக்தோனியாவின் திரைச்சீலை

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலந்து, சைதாப்பேட்டைச் சின்னமலையைக் கடந்து கடலுக்குப் போகிறது. அந்தச் சின்னமலைக் குகையில் தோமையார் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார், சாந்தோமில் புதைக்கப்பட்டார் என்பது சென்னைக் கிறித்தவர்களின் நீண்டகால நம்பிக்கை. அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்பது மறுப்பவர்களின் வாதம். பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவிகளும் கேட்கிறார்கள்: வந்தாரா, வரவில்லையா? நான் கேட்பது வேறு. தோமாவை இந்தியாவுக்கு அழைத்துவரும் பழைய கதைநூலில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நூலின் பெயர் ‘தோமாவின் பணிகள்’. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று துருக்கியில் உர்ஃபா என்று வழங்கும் எதெஸ்ஸா வட்டாரத்தில், சிரியாக் மொழியில் உருவானது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திருச்சபை இதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. இதில் வரும் குந்தபர் என்ற அரசன் கட்டுக்கதை என்றே நினைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவனை முதல் நூற்றாண்டில் நிறுத்தியது. அரசன் உண்மையென்றால் தோமாவும் உண்மைதான் என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. புகளூர்க் கல்வெட்டில் சேரர் பெயர் இருப்பதால் பதிற்றுப்பத்து சொல்லும் வெற்றிகள் எல்லாமே அப்படியே நடந்தவை என்று தமிழ் வகுப்பில் நாம் சொல்வதில்லை. இங்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

மயிலாப்பூர் என்ற பெயர் இந்த நூலில் இல்லை. அந்தக் கடற்கரையோடு தோமாவை இணைக்கும் சான்றுகள் மிகவும் பிற்பட்டவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கேட்ட கதையில், மயில் வேட்டைக்காரன் ஒருவன் எய்த அம்பு தவறுதலாகப் பட்டு அவர் இறக்கிறார். போர்த்துகீசியர் 1523-இல் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டினார்கள். 1547-இல் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்து பொறித்த கல்சிலுவை கிடைத்தது. போர்த்துகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே கிறித்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. முதல் நூற்றாண்டுக்குச் சான்று ஆகாது.

இந்த விவாதம் தமிழுக்குள் நுழைந்தபோது இன்னொரு ஆணைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. மு. தெய்வநாயகத்தின் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ 1969-இல் வந்தது. மயிலாப்பூரில் வள்ளுவரும் தோமாவும் சந்தித்தார்களா, யார் யாருக்குக் கற்பித்தார் என்று மேடைகள் சூடாயின. ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரு தரப்புக்கும் வரலாறு என்பது ஓர் ஆண் எந்த ஊரில் கால் வைத்தான், எந்த ஆணுக்கு எதைக் கொடுத்தான் என்பதுதான். வாசுகி வழக்கம்போலக் கிணற்றடியில் நின்றாள். மிக்தோனியா யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நூலுக்குள் போவோம். தோமா அடிமையாக விற்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறார். வழியில் ஓர் அரச திருமணம். அங்கே அவர் எபிரேயத்தில் பாடுகிறார். அந்தக் கூட்டத்தில் அதைப் புரிந்துகொள்பவள் கூலிக்குக் குழல் ஊதவந்த எபிரேயப் பெண் ஒருத்திதான்.

பிற்பகுதியின் நாயகி மிக்தோனியா. மஸ்தாய் என்ற மன்னனின் உறவினனான கரிசியின் மனைவி. அவள் பல்லக்கில் வருகிறாள்; வழிவிடாத கூட்டத்தை அவளுடைய ஆட்கள் அடித்து விலக்குகிறார்கள். தோமாவின் பார்வை பல்லக்குத் தூக்கிகள்மேல் விழுகிறது. மனிதர்களாகிய உங்கள்மேல் விலங்குகளுக்குப் போலச் சுமை ஏற்றுகிறார்களே என்ற பொருளில் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவள் பல்லக்கிலிருந்து இறங்கி மண்ணில் விழுகிறாள். அதன்பிறகு கணவனின் படுக்கையை மறுக்கிறாள். ஓர் இரவு அவன் வற்புறுத்தும்போது உடையின்றித் தப்பி ஓடுகிறாள். அறையின் திரைச்சீலையை இழுத்து உடம்பில் சுற்றிக்கொண்டு, தன்னை வளர்த்த செவிலி நார்க்கியாவிடம் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அவளுக்குப் புத்தி சொல்ல மன்னன் தன் அரசி தெர்த்தியாவை அனுப்புகிறான். புத்தி சொல்லப்போன அரசியும் மனம் மாறித் திரும்புகிறாள்.

இவற்றை எழுதியது யார்? 1980-களில் ஸ்டீவன் டேவிஸ், வர்ஜீனியா பர்ரஸ் போன்றவர்கள், இத்தகைய கதைகளுக்குப் பின்னால் பெண்களின் சொல்மரபு இருக்கலாம் என்றார்கள். 1996-இல் கேட் கூப்பர் வேறு கோணம் வைத்தார்: நகரத்து ஆண்களும் புதிய போதகர்களும் அதிகாரத்துக்காக மோதுகிறார்கள், அந்த மோதலில் பெண் ஒரு காய். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண் எழுதியிருக்கட்டும், கேட்டவர்களில் பெண்கள் இருந்தார்கள். கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் எரிச்சலோடு எழுதியது இதற்குத் தடயம். பவுலின் சீடத்தியான தெக்ளாவின் கதையைக் காட்டிச் சிலர் பெண்களுக்குக் கற்பிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் உரிமை கோருகிறார்கள், அந்த நூல் ஒரு மூப்பர் புனைந்தது என்கிறார். ஒரு கதையை உரிமைப் பத்திரமாக எடுத்துக்கொண்டவர்கள் இருந்ததால்தான் அது போலி என்று நிறுவவேண்டிய அவசரம் வந்தது.

ஆனால் இந்த நூலைக் கொண்டாடிவிடவும் முடியாது. இது உடலையே அழுக்காகப் பார்க்கிறது. பிள்ளைப்பேற்றைத் துன்பமாக மட்டுமே பேசுகிறது. கணவனின் கட்டிலை விட்டவளுக்கு விண்ணுலக மணவாளன் காத்திருக்கிறான். உதயகுமரனிடமிருந்து விலகிய மணிமேகலைக்கும் துறவின் கதவுதான் திறந்தது. தன் உடல் தன்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பெண் வீட்டிலேயே இருக்க இரண்டு நூல்களும் இடம் தரவில்லை.

பதவியையும் தரவில்லை. தெர்த்தியாவுக்குத் திருமுழுக்கு நடக்கும்போது பெண்களுக்கு எண்ணெய் பூசும் வேலையைத் தோமா மிக்தோனியாவிடம் ஒப்படைக்கிறார். சடங்கில் அவள் கை தேவைப்படுகிறது. இறப்பதற்குமுன் அவர் மூப்பராகவும் திருத்தொண்டராகவும் நியமிப்பதோ சிபோர் என்ற படைத்தலைவனையும் மன்னனின் மகனையும். படுக்கையை இழந்து, சிறைப்பட்டு, கதையைச் சுமந்தவர்கள் பெண்கள், பொறுப்பு ஆண்களுக்கு. இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் குருவாக முடியாது.

தோமா மயிலாப்பூருக்கு வந்தார் என்று நாளை நிரூபித்தாலும், வரவில்லை என்று நிரூபித்தாலும், மிக்தோனியாவின் இரவு மாறாது. மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவன் அவள்மேல் வலிந்து கொள்ளும் உறவு வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு ஓடிய பெண்ணை மூன்றாம் நூற்றாண்டின் ஒரு நூல் துணிந்து தன் நடுவில் நிறுத்தியது. நம் சட்டம் அவளைத் திரும்ப அந்த அறைக்குள் அனுப்புகிறது. பழைய நூல்களின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சி பெண்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

நாம் கேட்கவேண்டியவை இன்னும் இருக்கின்றன. மிக்தோனியா முழுக்குப் பெற்றதைப் பார்த்து, எனக்கும் கொடுங்கள் என்று தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள் நார்க்கியா. ஆனால் அந்த இரவு தன் எசமானிக்குப் படுக்கையில் இடம் விட்டபோது அவள் என்ன நினைத்தாள் என்று நூல் சொல்லவில்லை. பல்லக்குத் தூக்கிகளுக்குப் பெயரே இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர்களிடமிருந்து அடுத்த வாசிப்பைத் தொடங்கலாம்.