காண்போரும் வேண்டுவோரும்

நாட்டுப்புற ஆடலும் வழிபாடும் ஓர் இனத்தின் அடையாளம் என்பர். இன்று அவை சுற்றுலாவிற்கும் முதலாகிவிட்டன. இவ்விரு நிலைகளும் ஒத்துச் செல்லுமா? சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

கடலாடு காதையில், வடதிசை வெள்ளிமலையிலிருந்து விஞ்சையன் ஒருவன் தன் காதலியுடன் புகாரின் இந்திரவிழாக் காண வருகின்றான். நம் இலக்கியம் காட்டும் சுற்றுலாப் பயணி அவன் எனலாம். மாதவி ஆடிய பதினோராடலையும் காட்டி, சூரனை வென்று முருகன் ஆடியது துடி, மாயோன் ஆடியது குடக்கூத்து என ஒவ்வொன்றின் வரலாற்றையும் அவளுக்கு விளக்குகின்றான். அயலார் கண்டு மகிழும் கலையை இளங்கோவடிகள் இழித்துரைக்கவில்லை.

ஆய்ச்சியர் குரவையோ வேறு நிலையது. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்களில் நீர் சோர்கின்றது. தீங்கு வருமென அஞ்சிய மாதரி, ஆநிரையின் துயர் நீங்கக் குரவையாடச் செய்கின்றாள். கண்ணகியும் அதனைக் காண்கின்றாள். ஆயினும் அவ்வாடலை எழுப்பியது விருந்தினரின் வருகையன்று, ஆயர்பாடியின் அச்சமே.

நாம் வாழும் புனே நகரிலும் இதற்குச் சான்று உண்டு. திலகர் 1893 முதல் பிள்ளையார் வழிபாட்டைப் பொதுவிழாவாக வளர்த்து, அதனை நாட்டுணர்வின் களமாக்கினார். இன்று அவ்விழாவைக் காண வெளியூரார் திரள்கின்றனர். எனினும், அனந்த சதுர்த்தசி ஊர்வலத்தில் முதலிடம் கசபா கணபதிக்கே உரியது. காண்போர் பெருகினும் வழிபடுவோர் முறையைக் கைவிடவில்லை. வங்கத்துத் துர்க்கா பூசை 2021இலும், குசராத்தின் கர்பா 2023இலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அப்பெருமை நிலைப்பதும், தெருவில் தமக்காக ஆடுவோர் உள்ளவரையிலேயே அன்றோ?

நம் நிலை என்ன? வழிபாட்டிற்குச் சக்திக் கரகம், களிப்பிற்கு ஆட்டக் கரகம் என முன்னோர் வகுத்தனர். சென்ற ஆண்டு விழாமேடையொன்றில் பத்து நிமிடக் கரகாட்டம் கண்ட என் மகள், "குடத்தை ஏன் தலையில் வைக்கிறார்கள், அப்பா?" என வினவினாள். மாரியம்மனை வேண்டி நீர்க்குடம் சுமந்த ஊரின் கதையை நான் அவளுக்கு அதுவரை சொன்னதில்லை. நாணினேன்.

மேடையைப் பழிப்பதால் பயனில்லை. பிறந்த மண்ணைவிட்டு வாழும் நமக்கு அதுவே எஞ்சிய களம். ஆனால் பொருள் கூறாது ஆட்டத்தை மட்டும் காட்டின், நம் மக்களே நம் மரபிற்குச் சுற்றுலாப் பயணியர் ஆவர். விஞ்சையன் தன் காதலிக்கு விளக்கிய அளவேனும் நாம் நம் மக்களுக்கு விளக்குவோமாக!